கைத்துப்பாக்கி யாருக்குக் காவல்?

திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் 2025 அக்டோபரில் நடந்த கொடுமை கேரளத்தையும் தமிழகத்தையும் ஒருசேர உலுக்கியது. தனியார் விடுதி ஒன்றில் உறங்கிக்கொண்டிருந்த தகவல் தொழில்நுட்பத் துறைப் பெண் ஊழியர் ஒருவர், அறைக்குள் புகுந்தவனால் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கப்பட்டார். சில நாட்களுக்குள் மதுரையில் ஒரு லாரி ஓட்டுநரைக் கேரளக் காவல்துறை கைது செய்தது. குற்றத்தை விசாரித்துத் தண்டனை வழங்குவது நீதிமன்றத்தின் பணி. ஆனால் ஒரு பெண் தாழிட்டு உறங்கும் அறைகூடப் பாதுகாப்பற்றதாக இருப்பது ஏன் என்ற கேள்விக்கு நீதிமன்றம் மட்டும் விடை சொல்லிவிட முடியாது.

இத்தகைய கொடுமைகள் நிகழும்போதெல்லாம் நாட்டில் ஒரு குரல் எழுகிறது. "பெண்கள் கையில் துப்பாக்கியைக் கொடுங்கள், கைப்பையில் அடங்கும் சிறிய பிஸ்டல் ஒன்று இருந்தால் எவனும் நெருங்கமாட்டான்" என்பதே அக்குரல். கோபத்தில் பிறக்கும் பேச்சு என்று இதை ஒதுக்கிவிட இயலாது. நேர்மையான பலர், கட்சிக்கு நெருக்கமானவர்கள் சிலரும்கூட, இப்படிக் கேட்கின்றனர். எனவே இதற்குப் பொறுமையான, முழுமையான விடை தேவைப்படுகிறது.

நிர்பீக் சொன்ன ஆறுதல்

இந்தக் கோரிக்கைக்கு அரசே ஒருமுறை செயல்வடிவம் தந்திருக்கிறது. 2012 டிசம்பர் 16 அன்று தில்லியில் ஓடும் பேருந்தில் மாணவி ஒருவர் சிதைக்கப்பட்ட கொடுமைக்குப் பின், மக்கள் அந்தப் பெண்ணுக்கு நிர்பயா என்று பெயரிட்டனர். 2014 ஜனவரியில் கான்பூரிலுள்ள அரசுப் படைக்கலத் தொழிற்சாலை அப்பெயரை நினைவூட்டும் வகையில் 'நிர்பீக்' என்ற ரிவால்வரை வெளியிட்டது. துளை அளவு .32, எடை சுமார் 500 கிராம். பெண்களுக்கானது என்று விளம்பரப்படுத்தப்பட்ட இந்த ஆயுதம், நகைப்பெட்டியைப் போன்ற பெட்டியில் வைத்து விற்கப்பட்டது. பின்னர் 2016இல் வங்கத்தின் ஈஷாப்பூர் தொழிற்சாலை 'நிடர்' என்ற .22 ரிவால்வரைக் கொண்டுவந்தது. அதன் எடை சுமார் 250 கிராம். 2023 ஆகஸ்டில் கான்பூரிலிருந்து 'பிரபல்' என்ற மற்றொரு .32 ரிவால்வர் வந்தது.

நிர்பீக்கின் விலை 1,22,360 ரூபாய். அதே 2014-15ஆம் ஆண்டில் ஊரக வேலை உறுதித் திட்டத்தின் கீழ் கேரளத்தில் ஒரு நாள் கூலி 212 ரூபாய். தமிழகத்தில் 167 ரூபாய். கேரளத்தின் ஊரகப் பெண் தொழிலாளி ஒருவர் இந்த ரிவால்வரை வாங்க வேண்டுமானால் ஏறத்தாழ 577 நாள் கூலியை ஒரு காசு செலவழிக்காமல் சேர்த்திருக்க வேண்டும். ஆண்டுக்கு 100 நாள் வேலைதான் உறுதி செய்யப்பட்டது என்பதால் அதற்கு ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் பிடிக்கும். தமிழகப் பெண்ணுக்கு ஏழு ஆண்டுகளுக்கு மேல். யாருடைய கைப்பையை மனத்தில் வைத்து அந்த நகைப்பெட்டி செய்யப்பட்டது என்பதற்கு இந்தக் கணக்கே சான்று.

நிர்பீக் வெளிவந்த அடுத்த மாதமே, 2014 பிப்ரவரியில், சென்னையை அடுத்த சிறுசேரி தகவல் தொழில்நுட்ப வளாகத்தில் இரவில் அலுவலகத்திலிருந்து வெளியேறிய பெண் பொறியாளர் ஒருவர் படுகொலை செய்யப்பட்டார். புதர் மண்டிய வளாகமும் ஆளரவமற்ற சாலையும் அக்கொலைக்குப் பின்னரே விவாதத்துக்கு வந்தன. பாதுகாப்பான சாலையும் வாகனமும் தேவைப்பட்ட நாட்டில் அரசு விற்பனைக்கு வைத்தது ரிவால்வரை.

சிறிய துப்பாக்கியின் பெரிய வாக்குறுதி

சிறு துளைத் துப்பாக்கிகளுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்களில் உண்மை இல்லாமல் இல்லை. அவை இலேசானவை, ஆடைக்குள்ளோ கைப்பைக்குள்ளோ மறைத்து எடுத்துச் செல்லலாம். சுடும்போது கையில் ஏற்படும் பின்னுதைப்பு குறைவு. உடல் வலிமை குறைந்தவரும் பயிற்சி பெற்றால் கையாளலாம். ஆனால் துப்பாக்கியை இலேசாக்கும் அதே சிறிய தோட்டா, அதன் வேகத்தையும் தாக்கத்தையும் குறைக்கிறது. வெறியோடு பாய்ந்து வருபவனை ஒரே குண்டில் நிறுத்திவிடும் என்ற உறுதி அதில் இல்லை. மிகச் சரியான இடத்தில் படவேண்டும். நடுங்கும் கையுடனும் படபடக்கும் நெஞ்சுடனும் இருளில் நிற்பவருக்கு அந்தத் துல்லியம் எளிதல்ல.

இதைவிடப் பெரிய சிக்கல் நேரம். கத்தியுடன் ஓடிவரும் ஒருவன் 21 அடி தூரத்தைக் கடக்கச் சுமார் ஒன்றரை விநாடியே ஆகும் என்பதை அமெரிக்காவின் சால்ட் லேக் நகரக் காவல் பயிற்சியாளர் டென்னிஸ் டூலர் 1983இல் எடுத்துக்காட்டினார். இடுப்பில் துப்பாக்கியைத் தொங்கவிட்டிருக்கும் பயிற்சி பெற்ற காவலருக்கே, அதை உருவிக் குறிபார்த்துச் சுட ஏறத்தாழ அதே நேரம் தேவைப்படுகிறது. கைப்பையின் அடியில், பணப்பைக்கும் சாவிக்கும் கீழே கிடக்கும் துப்பாக்கியை எடுக்க எத்தனை விநாடி ஆகும்? கழக்கூட்டத்தில் தாக்கப்பட்டவர் உறங்கிக்கொண்டிருந்தார். உறக்கத்தில் இருப்பவருக்கு எந்தத் துளை அளவும் காவலாக முடியாது.

மறைத்து வைக்கப்பட்ட ஆயுதத்தின் முதன்மையான பலன் எதிர்பாராத் தன்மை. அது யாருக்குப் பயன்படுகிறது? எப்போது, எங்கே, யாரைத் தாக்குவது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு வருபவனுக்கே அது முழுமையாகப் பயன்படுகிறது. தற்காத்துக்கொள்பவர் எப்போதும் இரண்டாவதாகவே செயல்படுகிறார். இந்திய வரலாறு இதைக் குருதியால் எழுதி வைத்திருக்கிறது.

1948 ஜனவரி 30 அன்று காந்தியடிகளின் மார்பைத் துளைத்தது பெரெட்டா வகைப் பிஸ்டல். முசோலினியின் பாசிசப் படையினருக்காக இத்தாலியில் தயாரிக்கப்பட்ட, சட்டைப்பையில் அடங்கக்கூடிய சிறிய ஆயுதம் அது. கும்பிட்டபடி நெருங்கிய கொலைகாரனுக்கு அந்தச் சிறிய உருவமே துணைநின்றது. 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில் நரேந்திர தபோல்கர், 2015 பிப்ரவரி 16 அன்று கோலாப்பூரில் கம்யூனிஸ்ட் தலைவர் தோழர் கோவிந்த் பன்சாரே, அதே ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று தார்வாடில் எம்.எம்.கல்புர்கி, 2017 செப்டம்பர் 5 அன்று பெங்களூரில் கௌரி லங்கேஷ் என நால்வரும் சுடப்பட்டனர். காலை நடைப்பயிற்சியிலும் வீட்டு வாசலிலும் அவர்களைத் தேடி வந்தவர்கள் மறைத்து வைத்திருந்தவை கைத்துப்பாக்கிகளே. கல்புர்கியையும் கௌரி லங்கேஷையும் கொன்றது ஒரே 7.65 மில்லிமீட்டர் நாட்டுத் துப்பாக்கி என்பதைத் தடயவியல் ஆய்வு காட்டியது. 7.65 மில்லிமீட்டர் என்பதும் .32 என்பதும் ஏறத்தாழ ஒரே துளை அளவின் இரு பெயர்கள். தோட்டாவின் வகை மாறலாம். ஆனால் பெண்களின் தற்காப்புக்கு உகந்தது என்று நகைப்பெட்டியில் வைத்து விற்கப்பட்ட அளவும், பகுத்தறிவாளர்களின் உயிரைப் பறித்த அளவும் ஒன்றே.

பன்சாரேயின் கையில் ஒரு பிஸ்டல் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா? மனைவியுடன் நடைப்பயிற்சி முடித்துத் திரும்பிய அந்த 81 வயது முதியவரை மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் நெருங்கிச் சுட்டனர். மக்களோடு திறந்த மனத்துடன் பழகுவதே வாழ்வாகக் கொண்ட ஒருவர், எதிரே வரும் ஒவ்வொருவரையும் கொலைகாரனாக எண்ணி இடுப்பில் கைவைத்தபடி நடக்க இயலாது. அப்படி நடக்கும் சமூகம் உருவானால், கொலைகாரர்களின் நோக்கம் பாதி நிறைவேறிவிட்டது என்றே பொருள்.

வீட்டுக்குள் இருக்கும் ஆபத்து

துப்பாக்கிக் கோரிக்கை, பெண்களைத் தாக்குபவன் முன்பின் தெரியாதவன் என்ற கற்பனையின் மீது நிற்கிறது. கழக்கூட்டத்தில் நடந்ததைப் போன்ற கொடுமைகள் உண்மையே. ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகள், பதிவாகும் பாலியல் வன்புணர்வு வழக்குகளில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்படுபவர் பெண்ணுக்கு அறிமுகமானவர் என்று தொடர்ந்து கூறிவருகின்றன. பெண்களுக்கு எதிரான குற்றங்களில் மிகப் பெரிய பங்கு, கணவனும் அவனது உறவினரும் இழைக்கும் கொடுமைக்குரியது. உறவினன், அண்டை வீட்டான், மேலதிகாரி, காதலிப்பதாகச் சொல்பவன் ஆகியோருக்கு எதிராக எந்தப் பெண் எந்தக் கணத்தில் துப்பாக்கியை எடுப்பாள்? வன்முறையாளன் குடும்பத்துக்குள்ளேயே இருக்கும்போது, அலமாரியில் இருக்கும் துப்பாக்கி அவன் கைக்கும் எட்டும்.

துப்பாக்கியைத் தனிநபர் உரிமையாகக் கொண்டாடும் அமெரிக்காவின் அனுபவம் இதற்குச் சான்று. வீட்டில் துப்பாக்கி இருப்பது, அவ்வீட்டில் ஒருவர் கொலையுறும் வாய்ப்பை ஏறத்தாழ 2.7 மடங்காக உயர்த்துவதோடு தொடர்புடையது என்று ஆர்தர் கெல்லர்மன் தலைமையிலான மருத்துவ ஆய்வு 1993இல் கண்டறிந்தது. அந்நாட்டின் உச்சநீதிமன்றம் 2022 ஜூன் 23 அன்று, பொது இடங்களில் மறைத்துத் துப்பாக்கி எடுத்துச் செல்லச் சிறப்புக் காரணம் காட்ட வேண்டும் என்ற நியூயார்க் மாநிலச் சட்டத்தை ரத்து செய்தது. பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இன்று உரிமமே தேவையில்லை. அதே 2022ஆம் ஆண்டில் அங்கு துப்பாக்கியால் மாண்டவர்கள் 48,000க்கும் அதிகம். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டவர்கள். தற்காப்புக்காக வாங்கப்பட்ட ஆயுதம், மனம் உடைந்த ஒரு கணத்தில் வாங்கியவரையே பலிகொள்கிறது.

ஆயுதம் யார் கையில்?

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் எழும். மக்களை ஆயுதமற்றவர்களாக்கியது காலனி ஆட்சியல்லவா? லிட்டன் பிரபு காலத்தில் வந்த 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், ஐரோப்பியர்களுக்கு விலக்களித்து இந்தியர்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. அந்த இழிவுக்கு எதிராகவே விடுதலை இயக்கம் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் கேட்டது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி.காமத் இவ்வுரிமையை அடிப்படை உரிமையாக்கத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. இறுதியில் அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவு, ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையையே உறுதி செய்தது. உழைக்கும் மக்களின் ஆற்றல் அவர்கள் கூடுவதில் இருக்கிறது என்பதை உணர்ந்தோருக்கு அந்த உரிமையின் மதிப்பு தெரியும்.

தற்காத்துக்கொள்ளும் உரிமையை எந்தச் சட்டமும் பெண்ணிடமிருந்து பறிக்கவில்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 100ஆவது பிரிவு போலவே, இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 38ஆவது பிரிவும், வன்புணர்வு நோக்கத்துடன் தாக்குபவனின் உயிரைப் போக்கும் அளவுக்குத் தற்காப்பு உரிமை நீள்வதை ஏற்கிறது. கையில் கிடைத்ததைக் கொண்டு போராடிய பெண் குற்றவாளியல்ல. எனவே இங்குள்ள கேள்வி தற்காப்பு உரிமை பற்றியதன்று. துப்பாக்கிச் சந்தையைத் திறந்துவிட்டால் அது யார் கைக்குப் போகும் என்பதைப் பற்றியது.

ஒன்றிய உள்துறை அமைச்சகத்தின் கணக்குப்படி 2016 இறுதியில் நாட்டில் 33.69 லட்சம் துப்பாக்கி உரிமங்கள் இருந்தன. அவற்றில் 12.77 லட்சம் உத்தரப் பிரதேசத்தில். கேரளத்தில் பத்தாயிரத்துக்கும் குறைவு. துப்பாக்கி பெண்ணைக் காக்குமெனில், உத்தரப் பிரதேசம் நாட்டிலேயே பெண்களுக்கு மிகப் பாதுகாப்பான மாநிலமாக இருக்கவேண்டும். அப்படி யாரும் சொல்லத் துணியமாட்டார்கள். உரிமம் பெறச் சொத்தும் செல்வாக்கும் கைகொடுக்கும் சமூகத்தில், ஆயுதம் நிலவுடைமைக்கும் ஆதிக்கச் சாதிக்கும் காவலாகிறது. 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணிக்கு வந்தவர்களின் கையில்தான் துப்பாக்கிகள் இருந்தன. குடிசைக்குள் எரிந்து சாம்பலான 44 தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பத்தினரின் கையில் அல்ல.

2025 மே மாதத்தில் அசாம் பாஜக அரசு எடுத்த முடிவும் இதே பாதையிலானது. 'பாதிக்கப்படக்கூடிய' பகுதிகளில் வாழும் 'மண்ணின் மைந்தர்களுக்கு' துப்பாக்கி உரிமம் வழங்கப்படும் என்று அது அறிவித்தது. துப்ரி, பர்பேட்டா போன்ற, முஸ்லிம்கள் அதிகம் வாழும் மாவட்டங்கள் அதற்காகச் சுட்டப்பட்டன. குடிமக்களில் ஒரு பகுதியினரை மற்றொரு பகுதியினருக்கு எதிராக ஆயுதபாணியாக்கும் இந்த அரசியலுக்குத் 'தற்காப்பு' என்ற சொல்லே முகமூடி.

இதற்குப் பின்னால் லாபமும் இருக்கிறது. 2016இல் சிறு ஆயுத உற்பத்தியை அந்நிய நேரடி முதலீட்டுக்கு மோடி அரசு திறந்துவிட்டது. 2020இல் பிரிட்டனின் வெப்லி அண்ட் ஸ்காட் நிறுவனம் உத்தரப் பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டத்தில் .32 ரிவால்வர் தயாரிப்பைத் தொடங்கியது. திருச்சி உள்ளிட்ட 41 படைக்கலத் தொழிற்சாலைகள் 2021 அக்டோபர் 1 அன்று ஏழு நிறுவனங்களாக உடைக்கப்பட்டன. எதிர்த்து வேலைநிறுத்தம் அறிவித்த தொழிலாளர்களுக்கு எதிராக வேலைநிறுத்தத் தடைச் சட்டமே கொண்டுவரப்பட்டது. லாபத்துக்காக இயங்கும் ஆயுத நிறுவனத்துக்கு அச்சம் ஒரு விற்பனைச் சரக்கு. பெண்ணின் அச்சம் அதில் விலைபோகக்கூடிய சரக்கு.

கழக்கூட்டம் கேட்பது

1990இல் நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்காவாகக் கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் தொடங்கப்பட்டது. இன்று அங்கு எழுபதாயிரத்துக்கும் அதிகமானோர் பணிபுரிகின்றனர். அருகே மேனங்குளம் கின்ஃப்ரா ஆயத்த ஆடைப் பூங்காவில் பெண் தொழிலாளர்கள் தையல் எந்திரங்களின் முன் அமர்ந்திருக்கின்றனர். வெளியூரிலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வந்து தங்கும் பெண்களை நம்பி விடுதிகள் பெருகியுள்ளன. அமெரிக்காவின் பகலுக்காகக் கழக்கூட்டத்தின் இரவு உழைக்கிறது. அந்த இரவின் லாபம் நிறுவனத்துக்குச் சேர்கிறது; அந்த இரவின் ஆபத்து மட்டும் பெண்ணின் தலையில் விழுகிறது. "துப்பாக்கி வாங்கிக்கொள்" என்ற அறிவுரையின் உள்ளடக்கம் இதுதான்: பாதுகாப்புச் செலவை முதலாளியிடமிருந்தும் அரசிடமிருந்தும் பிடுங்கி, தொழிலாளியின் கைப்பைக்கு மாற்றுவது.

2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், பெண்களின் ஒப்புதலுடன் எல்லாத் தொழில்களிலும் இரவுப் பணியை அனுமதிக்கின்றன. வேலை இழக்கும் அச்சத்தில் இருப்பவரின் ஒப்புதல் எத்தகையது என்பதைத் தொழிற்சங்கங்கள் அறியும். இதற்கு மாறான முன்மாதிரி கேரளத்திலேயே உண்டு. 2018இல் இடது ஜனநாயக முன்னணி அரசு கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியபோது, இரவு ஒன்பது மணிக்குமேல் பெண்களைப் பணியமர்த்த வேண்டுமானால் குறைந்தது ஐவர் கொண்ட குழுவாகவும், அதில் இருவராவது பெண்களாகவும் இருக்கவேண்டும் என்றும், வீடு திரும்ப வாகனம் தரவேண்டும் என்றும் விதித்தது. துணிக்கடைப் பெண்கள் போராடிப் பெற்ற அமரும் உரிமையும் அதே திருத்தத்தில் வந்தது. எந்தப் பெண்ணின் கையிலும் ஆயுதம் இல்லை. அவர்களிடம் அமைப்பு இருந்தது.

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, நிறுவனம் ஏற்பாடு செய்யும் வாகனம் வரை பணியிடத்தை நீட்டுகிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடங்களில் உள்ளகக் குழுவைக் கட்டாயமாக்குகிறது. ஆனால் ஊழியர் தம் வாடகையில் தங்கும் விடுதி அந்த எல்லைக்கு வெளியே நின்றுவிடுகிறது. தமிழகத்தில் பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகளை ஒழுங்குபடுத்த 2014இலேயே சட்டம் வந்தது. அது எத்தனை விடுதிகளின் வாசலைத் தாண்டியிருக்கிறது என்பதைக் கட்சிக் கிளைகள் நேரில் சென்று காணவேண்டும். கழக்கூட்டமாயினும் சிறுசேரியாயினும், பெண்கள் தங்கும் ஒவ்வொரு விடுதியும் பதிவு செய்யப்பட வேண்டும். உறுதியான கதவும் இரவுக் காவலரும் பெண் காப்பாளரும் கட்டாயமாக்கப்பட வேண்டும். உள்ளாட்சி அமைப்பு, காவல்துறை, அங்கு தங்கும் பெண்கள் ஆகியோர் சேர்ந்த குழு அதைத் தணிக்கை செய்யவேண்டும். அச்செலவில் நிறுவனங்களுக்கும் பங்கு உண்டு.

மற்றொரு பொறுப்பும் இருக்கிறது. கைதானவர் தமிழகத்தைச் சேர்ந்த லாரி ஓட்டுநர் என்பதைக் கொண்டு, புலம்பெயர் தொழிலாளர்கள் அனைவரையும் ஐயத்துக்குரியவர்களாகச் சித்தரிக்கும் முயற்சிக்கு இடம் தரலாகாது. குற்றத்துக்கு மொழியில்லை. அந்த விடுதிகளில் உறங்கும் தமிழ்ப் பெண்ணும் மலையாளப் பெண்ணும், தேசிய நெடுஞ்சாலையில் இரவெல்லாம் கண்விழித்து வண்டியோட்டும் தொழிலாளியும் ஒரே வர்க்கத்தினர். ஒருவரையொருவர் அஞ்சித் தனித்தனியே ஆயுதம் தேடும் தொழிலாளர்கள் சங்கமாகத் திரளமாட்டார்கள். அதை விரும்புவோர் யார் என்பது தெளிவு.

தகவல் தொழில்நுட்பத் துறையிலும் ஆயத்த ஆடைத் துறையிலும் பெண்களைச் சங்கத்தில் திரட்டுவது, இரவுப் பணிக்கு வாகனத்தையும் ஒளியூட்டப்பட்ட சாலையையும் உரிமையாகப் பெறுவது, விடுதிகளைச் சட்டத்துக்குள் கொண்டுவருவது, உள்ளகக் குழுக்கள் பெயரளவில் அல்லாமல் இயங்கச் செய்வது, விசாரணையை விரைவுபடுத்துவது ஆகியவை உடனடிப் பணிகள். நகைப்பெட்டியில் வரும் துப்பாக்கியைவிட இவை மெதுவானவை, கடினமானவையும்கூட. ஆனால் ஒரு பெண் கைப்பையில் எதுவும் மறைத்து வைக்காமல், நள்ளிரவில் கழக்கூட்டம் சாலையில் நடந்துசென்று, விடுதிக் கதவைத் தாழிட்டு நிம்மதியாக உறங்கும் நிலையை உருவாக்க வேறு வழியில்லை. அந்தப் பணியில் கட்சி அணிகள் முன்னிற்க வேண்டும்.